டீ விலை ரூபாய் பூஜ்யம்

“ஆளு எப்படிங்க, நல்லவருங்களா?”

“ஆளை யாரு கண்டா? வந்தது தரகரு. ஆளு கோத்தகிரியில உக்காந்திருக்காராம்.”

“தரகரை வெச்சுக் கேக்கறது வழக்கந்தானுங்களே.”

“என்னைக் கட்டிக்கிறியான்னு கேக்கறதுக்கே ஒருத்தருக்கு வாய் வரலைன்னா, நாளைக்கு ரசத்துல உப்பு பத்தலைன்னு சொல்றதுக்கும் தரகரைத்தான் அனுப்புவாரு. என்கிட்ட கேக்கோணும்னா நேரா வந்து கேக்கோணும். எழுதிக் குடுக்கக் கூடாது. எழுதினதைத்தான் நாள் முச்சூடும் டைப் அடிக்கறேனே! வாயில கேக்கோணும். நாலு பேரு முன்னால கேக்கோணும். மறைவுல கேட்டவங்க மறைவுலயே மறந்துருவாங்க.”

சாந்தாமணி இதைச் சொன்னது மூன்று வருஷத்துக்கு முன்னால், குன்னூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து மேலே ஏறும் படிக்கட்டை ஒட்டியிருந்த பொன்ராஜின் டீக்கடையில். கேட்டவன் பொன்ராஜ்தான். சொல்லிவிட்டு, மீதி சுக்கு டீயைக் குடித்து, இருபத்தைந்து பைசாவை வைத்து, குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள். அவள் மறந்தும் போயிருக்கலாம். பொன்ராஜுக்கு மட்டும் அது பாய்லர் கரி மாதிரி உள்ளுக்குள் கனிந்துகொண்டே இருந்தது.

அவனுக்கு நாற்பத்தாறு வயது. மனைவி போய் ஒன்பது வருஷம். ஒரே மகளை மேட்டுப்பாளையத்தில் கட்டிக்கொடுத்தாயிற்று. சாந்தாமணிக்கு நாற்பத்தொன்று. மூன்று தம்பிகளை ஆளாக்கி, மூவருக்கும் கல்யாணம் செய்துவைத்து நிமிர்ந்தபோது அவளைக் கேட்க ஆளில்லாமல் போயிற்று. எதிரேயிருந்த அரசு அலுவலகத்தில் அவள் தட்டச்சர். பஜாரே பொன்ராஜை ‘அண்ணா’ என்று கூப்பிடும். பல் போன கிழவர்கள்கூட அப்படித்தான். சாந்தாமணி மட்டும் மறந்தும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. ‘ஏனுங்க’ என்பாள். அந்த ஒரு ‘ஏனுங்க’வைப் பிடித்துக்கொண்டுதான் மூன்று வருஷம் ஓடியிருந்தது.

எழுபதுகளின் கடைசியில், ஐப்பசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், கேட்டே விடுவது என்று பொன்ராஜ் முடிவு செய்தான். இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டான். நாலு மணிக்கு அவள் வந்தாள். கடையில் எத்தனை பேர் என்று எண்ணினான். காய்கறி விற்கும் வீரம்மா, உருளைக்கிழங்கு லாரி ஓட்டும் காளிமுத்து, பென்ஷன் வாங்க வந்த இரண்டு பேர். கச்சிதமாக நாலு.

“டைப்பிஸ்டம்மா, ஒரு விசயமுங்க.”

“சொல்லுங்க.”

பொன்ராஜ் வாயைத் திறந்தான். மூன்று வருஷமாக உருப்போட்ட வாக்கியம் தொண்டை வரை வந்து நின்றுகொண்டது. அதற்குப் பதிலாக வேறொன்று வந்தது.

“இன்னிக்கு டீக்குக் காசு வேண்டாமுங்க.”

சாந்தாமணி நிமிர்ந்து பார்த்தாள். அதற்குள் காளிமுத்து பெஞ்சிலிருந்து குரல் கொடுத்தான். “அந்தம்மாவுக்கு மட்டுந்தானா அண்ணா, இல்ல எங்களுக்குமா?”

அவளுக்கு மட்டும் என்று சொன்னால், அப்பர் பஜார் வரைக்கும் ஏறுவதற்குள் அந்தக் கதைக்குக் கையும் காலும் முளைத்துவிடும். ஒரு பெண்ணின் பெயர் பஜாரில் உருள்வதைவிடப் பால் போனால் போகட்டும்.

“எல்லாருக்குந்தான்” என்றான் பொன்ராஜ்.

கடை மூடுவதற்குள் இருநூறு கிளாஸ் போயிற்று. யாரும் பைசா கொடுக்கவில்லை. பொன்ராஜும் கேட்கவில்லை, இரண்டையும்தான்.

அன்றிரவு இறங்கிய மழையில், ஞாயிற்றுக்கிழமை விடிகாலை, மலைப்பாதையில் பர்லியாருக்கு மேலே மூன்று இடத்தில் மலை சரிந்தது. பஸ் இல்லை, ரயில் இல்லை, கீழேயிருந்து அரிசி இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. கேரட்டும் முட்டைக்கோசும் கீழே இறங்க முடியாமல் மேலேயே குவிந்தன. திங்கட்கிழமை காலை பத்தரைக்கு ‘மலைப்பகுதி அவசரகால விலை நிலைநிறுத்தல் ஆணை’ பிறந்தது. இடர்காலத்தில் ஏழைகளின் வயிற்றில் அடிக்கும் வியாபாரிகளை ஒடுக்குவதற்காக அது பிறந்தது என்று அதிலேயே எழுதியிருந்தது. சாரம் ஒரே வரிதான். இடர் நேர்ந்ததற்கு முந்தைய நாள் என்ன விலையோ, இடர் நீங்கும் வரை அதுவே விலை. கூட்டினால் ஆறு மாதம் உள்ளே.

அந்த ஆணையைத் தட்டச்சு செய்தவள் சாந்தாமணி. அதை நிறைவேற்றத் தனி அலுவலராக வந்தவர் மாணிக்கம். கையில் தோல் பை, காதுவரை மஃப்ளர், பின்னால் ஒரு ஜீப், இரண்டு ஆய்வாளர்கள். அவர் நேர்மையானவர். அதை அவரே பல முறை சொன்னார்.

முதலில் அவர் செல்லக்கண்ணுவின் மளிகைக் கடைக்குப் போனார். செல்லக்கண்ணு தினமும் ரேடியோவில் வானிலை கேட்கிற பழக்கமுள்ளவர். கனமழை என்று சனிக்கிழமை காலையிலேயே கேட்டுவிட்டு, அப்போதே அரிசியை இரண்டு மடங்கும், சர்க்கரையையும் மெழுகுவத்தியையும் மூன்று மடங்கும் ஏற்றிப் பலகையில் எழுதி மாட்டியிருந்தார். மழைக்கு முன்னால் எழுதிய பலகை. பில் புத்தகம் தேதியோடு சாட்சி.

“பார்த்தீர்களா?” என்று ஆய்வாளர்களிடம் சொன்னார் மாணிக்கம். “முந்தைய நாளும் தொண்ணூறு பைசா, இன்றும் தொண்ணூறு பைசா. ஒரு பைசா ஏற்றவில்லை. பலகை எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறார்!”

கையில் மெழுகுவத்தியோடு நின்ற வீரம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “ஏனுங் சாமி, வெள்ளிக்கிழமை இது முப்பது பைசாங்க.”

“வெள்ளிக்கிழமை எங்கள் வரம்பில் இல்லை அம்மா.”

“அப்ப நாங்க இதை வாங்கறது எப்படிங்க?”

“விலை ஏறியதா இல்லையா என்பதுதான் எங்கள் பிரிவு. விலை எவ்வளவு என்பது வேறு பிரிவு. அதற்கு இன்னும் ஆள் போடவில்லை.”

அடுத்தது டீக்கடை. பொன்ராஜ் ஸ்பெஷலாக ஒரு டீ போட்டு நீட்டினான்.

“முந்தைய நாள் டீ என்ன விலை?”

“இருபத்தஞ்சு பைசாங்க.”

“சாட்சி?”

காளிமுத்து எழுந்தான். பாதை அடைபட்டு லாரியோடு மாட்டிக்கொண்டவன். கள்ளங்கபடம் இல்லாதவன், அதுதான் வினை. “சார், சனிக்கிழமை நாலு டீ குடிச்சேன் சார். அண்ணன் காசே வாங்கலை. தங்கமான மனுசன்.”

அண்ணனுக்கு நல்ல பெயர் வாங்கித் தரும் ஆர்வத்தில் அவன் மேலும் ஏழு பேரைக் கூட்டிவந்தான். ஏழு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். மாணிக்கம் பேனாவை மூடினார். அப்புறம் யோசித்து மறுபடி திறந்து, விலைப் பத்தியில் தெளிவாக எழுதினார்: ரூ. 0.00.

“சார், அது அன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டுமுங்க.”

“ஆணையும் அந்த ஒரு நாளைப் பற்றித்தான் பேசுகிறது.”

“தெனமும் சும்மா குடுத்தா நான் எப்படிங்க பொழைக்கறது?”

மாணிக்கம் அவன் தோளில் கை வைத்தார். குரல் கனிந்தது. “இடர்காலத்தில் எல்லோரும் கஷ்டப்படத்தான் வேண்டும். நானே பாருங்கள், ஜீப்பில் குளிர்கிறது.”

மறுநாள் கடையின் முன்னால் நாலடிக்கு மூன்றடியில் பலகை ஏறியது. விதிப்படி, பொன்ராஜின் செலவில். ‘டீ விலை ரூபாய் பூஜ்யம். கூடுதலாகக் கேட்டால் புகார் செய்யவும்.’

பொன்ராஜ் இரண்டு நாள் பொறுத்துவிட்டுக் கடையைப் பூட்டினான். மத்தியானமே நோட்டீஸ் வந்தது. பாலும் தூளும் உள்ளே இருக்கும்போது கதவைச் சாத்துவது பதுக்கல். திறந்தான். பாலில் கொஞ்சம் தண்ணீரைக் கூட்டினான். மாதிரி எடுத்துப்போனார்கள். தரக்குறைப்பு என்பதும் மறைமுக விலையேற்றமாம். பூஜ்யத்தின் தரம் குறைந்தால் பூஜ்யம் ஏறிவிட்டதாகத்தானே பொருள் என்று மாணிக்கம் விளக்கினார். ஒரு ஆய்வாளர் அதைக் குறித்துக்கொண்டார், பின்னால் எங்காவது பேசலாம் என்று.

வீரம்மா மட்டும், காலி கிளாஸுக்கு அடியில் யாரும் பார்க்காமல் பத்துப் பைசாவைச் செருகிவிட்டுப் போவாள். நாலாம் நாள் ஆய்வாளர் கிளாஸைத் தூக்கிப் பார்த்துவிட்டார். மாணிக்கமே விசாரணை நடத்தினார்.

“யார் கேட்டுக் கொடுத்தீர்கள்?”

“ஆரும் கேக்கலைங்க. மனசு கேக்கலை, குடுத்தேன்.”

“அறிவித்த விலைக்கு மேல் கைமாறினால் அது கள்ளச்சந்தை.”

“டீ குடிச்சுட்டுக் காசு குடுத்தா கள்ளச்சந்தைங்களா? அப்ப மெழுகுவத்திக்கு மூணு பங்கு வாங்கறானே அந்தக் கடங்காரன், அது என்ன, கோயில் சந்தையா?”

“அது அறிவித்த விலை அம்மா. அவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.”

பத்துப் பைசா உறையிலிடப்பட்டு, அரக்கு வைக்கப்பட்டு, சான்றுப் பொருளாக அலுவலகத்துக்குப் போயிற்று. அதைக் கொண்டுபோக ஜீப் வந்தது.

இலவசமாகக் கிடைக்கும் ஒன்றை மக்கள் சோதித்துப் பார்க்காமல் விட மாட்டார்கள் இல்லையா? குன்னூரில் மாட்டிக்கொண்ட டூரிஸ்டுகள், எஸ்டேட் ஆட்கள், வெலிங்டனிலிருந்து நடந்தே வந்த பட்டாளத்துக்காரர்கள் என்று வரிசை படிக்கட்டில் இறங்கி பஸ் ஸ்டாண்டைச் சுற்றியது. எதிர் அலுவலகம் தன் டீச் செலவை முற்றிலும் ஒழித்துவிட்டதாகச் சிக்கன அறிக்கை அனுப்பிப் பாராட்டு வாங்கியது. மாணிக்கம் தன் ஆய்வுக் கூட்டங்களையே டீக்கடைக்கு மாற்றிக்கொண்டார். ஆணை வேலை செய்வதைக் கண்ணால் பார்ப்பது உற்சாகமாக இருக்கிறது என்றார். சர்க்கரை கொஞ்சம் கூட வேண்டும் என்றும் சொன்னார்.

அந்தச் சர்க்கரையைப் பொன்ராஜ் செல்லக்கண்ணுவிடம்தான் வாங்க வேண்டியிருந்தது, ஏறாத அந்த மூன்று மடங்கு விலைக்கு. ரேடியோ போயிற்று. கைக்கடிகாரம் போயிற்று. பிறகு பெஞ்சுகள் போயின. ஜனங்கள் நின்றுகொண்டு குடித்தார்கள். மிஞ்சியது பித்தளை பாய்லர் ஒன்றுதான். அவன் அப்பா சமவெளியிலிருந்து தலைச்சுமையாக மலையேற்றிக் கொண்டுவந்தது. அதற்கும் செல்லக்கண்ணு விலை பேசி முன்பணம் கொடுத்துவிட்டார். வருகிற திங்கட்கிழமை ஆள் வந்து எடுத்துப்போகும். பாய்லர் போனால் கடை இல்லை.

இதற்கிடையில் இருபதாம் நாளே பாதை திறந்துவிட்டது. பஸ்கள் ஹார்ன் அடித்துக்கொண்டு ஏறின. காளிமுத்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு, கடைசியாக மூன்று டீ குடித்துவிட்டு லாரியை எடுத்தான். பொன்ராஜ் ஓட்டமாக மாணிக்கத்திடம் போனான்.

“சார், பாதை தெறந்தாச்சுங்க!”

“கேள்விப்பட்டேன்.”

“அப்ப ஆணை?”

“பாதை திறந்தது என்று பொறியாளர் நேரில் பார்த்துச் சான்று தர வேண்டும். அவர் மேட்டுப்பாளையத்தில் இருக்கிறார்.”

“ஒரு பஸ் ஏறினா ரெண்டு மணி நேரமுங்களே சார்.”

“எப்படி ஏறுவார்? பாதைதான் மூடியிருக்கிறதே. மூடிய பாதையில் அரசு ஊழியர் பயணம் செய்தால் பயணப்படி கிடையாது.” மாணிக்கம் ஜன்னல் வழியாக, ஏறி வரும் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவர் முகத்தில் துளி கேலி இல்லை.

முப்பத்தொன்பதாம் நாள், வியாழக்கிழமை, சாந்தாமணி நாலு மணிக்கு வந்தாள். கையில் ஒரு படிவம்.

“ஏனுங்க, இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. விதிவிலக்கு மனு. மத்ததெல்லாம் நானே டைப் பண்ணிட்டேன். ஏழாவது கேள்வி மட்டும் நீங்க எழுதோணும்.”

பொன்ராஜ் வாசித்தான். ‘7. முந்தைய நாள் வழக்கமான விலைக்கு விற்காததற்குக் காரணம். (நடந்த அல்லது நடக்கவிருந்த சுபகாரியம் எனில், விவரமும் சம்பந்தப்பட்டவர் பெயரும்.)’

“சுபகாரியம்னா அந்த நாள் கணக்குல வராது. பழைய வெலையே நிக்கும்” என்றாள் சாந்தாமணி. பிறகு குரலைத் தாழ்த்தினாள். “அந்த ‘நடக்கவிருந்த’ங்கறது ஆணையில இல்லை. அடிக்கறப்ப நானே சேர்த்தேன். மாணிக்கம் சார் என்ன, படிச்சுப் பாத்தா கையெழுத்துப் போடறாரு?”

பொன்ராஜ் படிவத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தான்.

“அன்னிக்கு ஏன் காசு வாங்கலை?” என்றாள்.

“மனசு சந்தோசமா இருந்துச்சுங்க.”

“சந்தோசம்னு எழுதினா அதுக்கு டாக்டர் சர்ட்டிபிகேட் கேப்பாரு. நெசக் காரணத்தை எழுதுங்க.”

“எழுத முடியாதுங்க. இப்ப எழுதினா பொய்யாப் போயிருமுங்க.”

“நெசமா இருந்தாலுமா?”

“நெசமா இருந்தாலுந்தானுங்க.”

அவள் குடையைக் கையில் எடுத்தாள். கோபமா, வேறு ஏதாவதா என்று பொன்ராஜுக்குப் பிடிபடவில்லை. “நாளைக்கு அஞ்சு மணியோட கடைசி. அதுக்கு மேல வாங்க மாட்டாங்க” என்று சொல்லி, குடையை விரிக்க மறந்து, தூறலில் நனைந்துகொண்டே போனாள்.

பொன்ராஜ் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அந்தக் கட்டத்தில் அவள் பெயரை எழுதினால் கடை மிஞ்சும், பாய்லர் மிஞ்சும். ஆனால் மூன்று வருஷம் நெஞ்சில் வைத்திருந்த ஒன்றை ஓர் அரசாங்கக் காகிதத்தில், மூன்று நகலில், இருபத்தைந்து பைசாவுக்காக எழுதிக் கொடுத்தவன் ஆகிவிடுவான். நேரில் போய்க் கேட்டாலும் அதே கதைதான். கடையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் கேட்டான் என்று ஊர் சொல்லும். ஊர் கிடக்கட்டும், அவளுக்கே என்றைக்காவது ஒரு நாள், ரசத்தில் உப்பு பத்தாத நாளில், அப்படித் தோன்றிவிட்டால்? இந்த ஆணை டீயின் விலையை மட்டுமா பூஜ்யமாக்கியது?

வெள்ளிக்கிழமை ஐந்து மணி அடித்தது. படிவம் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வெறுமையாகவே கிடந்தது. எதிர் அலுவலக ஜன்னலில் ஐந்தரை வரை ஒரு விளக்கு எரிந்துவிட்டு அணைந்தது.

சனிக்கிழமை டீக்கடை முன்னால் பந்தல். ‘மாதிரி வணிகர்’ பாராட்டு விழா. முதல் பரிசு செல்லக்கண்ணுவுக்கு, முன்னோக்குப் பார்வைக்காக. இரண்டாம் பரிசு பொன்ராஜுக்கு. சாந்தாமணி நோட்டும் பென்சிலுமாக மேடையோரம் உட்கார்ந்திருந்தாள், நடப்பதையெல்லாம் சுருக்கெழுத்தில் எடுக்க. அவள் நிமிரவே இல்லை.

மாணிக்கம் மைக்கைப் பிடித்தார்.

“பெரியோர்களே! இந்த நாற்பத்தொரு நாட்களில் இந்தக் கடையில் விலை ஒரு பைசாகூட ஏறவில்லை!”

“ஏறறதுக்கு அங்க என்ன இருந்துச்சு?” என்றாள் வீரம்மா, கூட்டத்திலிருந்து.

“சிலர் கேட்கிறார்கள், இந்த ஆணையால் யாருக்கு லாபம் என்று. நான் பெருமையோடு சொல்கிறேன், யாருக்கும் இல்லை! எங்கள் பிரிவு தொடங்கியபோது இரண்டு ஆய்வாளர்கள். இன்று பதினோரு பேர். இடர் நீங்கிவிட்டால் இவர்கள் எங்கே போவார்கள்? அதையும் அரசு யோசிக்க வேண்டாமா? ஆகவே மக்கள் நலன் கருதி, ஊட்டி மலர்க் கண்காட்சி முடியும் வரை ஆணை ஆறு மாதம் நீட்டிக்கப்படுகிறது!”

ஆய்வாளர்கள் பதினோரு பேரும் கைதட்டினார்கள். செல்லக்கண்ணு மாலையைச் சரிசெய்துகொண்டு, பாய்லரை ஒரு பார்வை பார்த்தார். பொன்ராஜின் கழுத்திலும் ஒரு மாலை விழுந்தது. கையில் சட்டமிட்ட சான்றிதழ்.

“பொன்ராஜ் அவர்களுக்கு ஏதாவது கோரிக்கை உண்டா?” என்றார் மாணிக்கம். அது சம்பிரதாயமாகக் கேட்பது.

அவன் ஆணையை எடுக்கச் சொல்லி அழுவான் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். பொன்ராஜ் மைக்குக்கு அருகில் வந்தான்.

“ஒரு சந்தேகமுங்க சார். அந்த விதிவிலக்கு மனு… நேத்தோட முடிஞ்சு போச்சுங்களா?”

“முடிந்துவிட்டது. ஐந்து மணிக்கு.”

“இனிமே என்ன காரணம் சொன்னாலும் எடுத்துக்க மாட்டீங்களா?”

“எடுத்துக்கொள்ள வழியே இல்லை.”

“சுபகாரியமா இருந்தாக்கூட?”

“உங்களுக்கே கல்யாணம் ஆனாலும் சரி” என்றார் மாணிக்கம், விதியின் உறுதியைக் காட்ட.

“அதனால என்ற கடைக்கு ஒரு நயாபைசா நன்மை வராதுங்களே?”

“வரவே வராது. நான் உத்தரவாதம் தருகிறேன்.”

பொன்ராஜின் முகம், நாற்பத்தொரு நாளில் முதல் தடவையாக, தெளிந்தது. “பெரிய உபகாரமுங்க சார்” என்றான். மனப்பூர்வமாகத்தான் சொன்னான்.

“கோரிக்கை எதுவானாலும் எழுத்து மூலம், மூன்று நகல்களில்…”

“இது எழுத்துல கேக்கறதில்லைங்க. வாயில கேக்கோணும், நாலு பேரு முன்னால கேக்கோணும்னு ஒருத்தங்க சொல்லியிருக்காங்க.”

சுருக்கெழுத்துப் பென்சில் நின்றது.

பொன்ராஜ் மாலையைக் கழற்றினான். மாணிக்கம், செல்லக்கண்ணு, பதினோரு ஆய்வாளர்கள், வீரம்மா, பஜார் முழுக்க, நாலு பேருக்கு மேலேயே இருந்தார்கள். அவன் யாரையும் எண்ணவில்லை. மைக்கை விட்டு விலகி, மேடையோரத்து நாற்காலிக்கு முன்னால் போய் நின்றான். டைப்பிஸ்டம்மா என்று கூப்பிட வாய் வரவில்லை. வேறொன்று வந்தது, இந்தத் தடவை சரியாக.

“ஏனுங்க, சாந்தாமணி… திங்கக்கிழமையிலிருந்து எனக்குக் கடை இல்லைங்க. என்னைக் கட்டிக்கிறீங்களா?”